சின்னவளின் 45 கிலோ

திருகோணமலை
ஆடி 12

அன்பின் ராணி,

மூன்று மாதமாய் ஒரு வரி போடாதது என் பிழைதான். ஏச்சை நேரில் வை. இங்கே எல்லாரும் சுகம்.

பக்கம் பக்கமாய்ப் பேரனின் சிரிப்பை எழுதிவிட்டு, கடைசியில் "சின்னவள் 45 கிலோவுக்கு வந்திட்டாள், பால் குடுக்கிறவள்தானே" என்று முடித்திருக்கிறாய். அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

எடி, பிள்ளைக்கு முந்தி அவள் 52. பால் கொடுக்கிறவளுக்கு மாதம் ஒரு கிலோ, மிஞ்சினால் இரண்டு இறங்கும். அதுவும் பிள்ளைத்தாய்ச்சியாய் இருக்கையில் ஏறின நிறைதான் இறங்கவேணும். இவளுக்குப் பழைய நிறையிலேயே நூற்றுக்கு 13 போய்விட்டது. வேண்டுமென்று குறைக்காமல் நூற்றுக்கு 5 போனாலே காரணம் தேடவேணும்.

ஒன்றை மட்டும் கவனி: சாப்பிட்டும் மெலிகிறாளா, சாப்பிடாமல் மெலிகிறாளா?

சாப்பிட்டும் மெலிந்தால் எனக்கு முதல் சந்தேகம் தைரொயிட். பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் சிலருக்குக் கழுத்துச் சுரப்பி அழன்று, சேர்த்து வைத்த சுரப்பை இரத்தத்தில் கொட்டிவிடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பிள்ளை தூங்கினாலும் தாய்க்கு நித்திரை வராது. வியர்வையை நம்பாதே, கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் ஆருக்குத்தான் வியர்க்காது! விடியப்புறம் எழும்ப முதல் நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணு. 100க்கு மேலே நின்றால் அன்றைக்கே காட்டு. கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு கடதாசி வை, நடுக்கம் அதில் தெரியும். டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 என்கிற இரண்டு தைரொயிட் இரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல். இந்த அழற்சி என்றால் சுரப்பியை அடக்கும் மருந்து அனேகமாய்த் தேவையில்லை, படபடப்புக்கு மட்டும் குளிசை தருவார்கள். ஆனால் பிறகு சுரப்பு குறைந்து சோர்வு, மலச்சிக்கல் என்று மறுபக்கம் திரும்பும். ஆறு, எட்டுக் கிழமையில் திரும்ப இரத்தம் பார்க்காமல் விட்டால் அது பிடிபடாது. கதிரியக்க ஸ்கான் என்றால் பால் கொடுக்கிறவள் என்று முதலே சொல்லிவிடு.

தாகமும் அடிக்கடி சலமும் என்றால் சீனி பார். இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல் என்றால் காசநோயோ என்று சளியும் எக்ஸ்ரேயும் பார். எக்ஸ்ரேயால் பாலுக்கு ஒன்றும் ஆகாது.

சாப்பிடாமல் என்றால், உன்னைத்தான் பிடிக்கவேணும். 31ஆம் நாள் துடக்கு கழிந்து மூன்று மாதமாகியும் அதே மிளகு ரசமும் ஒரு கைப்பிடிச் சோறுமா? சரக்குக் கறியில் பிழையில்லை, அளவில்தான் பிழை. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு நாளுக்கு முக்கால் லீற்றர் பால் போகிறது. அதற்கு அவளுக்கு 500 கலோரி வரை கூட வேணும். இரண்டு அவித்த முட்டை, 50 கிராம் பயறு, ஒரு வாழைப்பழம், ஒரு கோப்பை தயிர், இவ்வளவும் வழமையான மூன்று நேரச் சாப்பாட்டுக்கு மேலாலே. சூடை மீனை முள்ளோடு மெல்லட்டும். ஒவ்வொருமுறை பால் கொடுக்க இருக்கும்போதும் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர். தண்ணி குடித்தால் வயிறு வைக்கும் என்ற கதையை மாமியோடேயே விடு. இராத்திரி இரண்டு மணிக்குப் பசிக்கும், அவித்த கடலை தலைமாட்டில் இருக்கட்டும்.

பால் கொடுக்கிறவளுக்கென்று கிளினிக்கில் தருகிற சத்துமா திரிபோஷாவை மூத்தவனுக்கு உருண்டை பிடிக்கிறாயாம், கேள்விப்பட்டேன் கள்ளி! பைக்கற் 750 கிராம், நாளுக்கு 50 என்றால் பதினைந்து நாள்தான். அது அவளுடைய கணக்கு. இரும்புக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு கொடு, கல்சியத்தை வேறு நேரத்தில். இரண்டையும் ஒன்றாய் விழுங்கினால் இரும்பு சரியாய்ச் சேராது. பிளேன்ரீ ஒரு மணித்தியாலம் தள்ளி.

சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு, காரணமில்லாமல் அழுகை, பிள்ளையைத் தூக்க மனமில்லை என்றால் அதை "செல்லம்" என்று தட்டாதே ராணி. மிட்வைஃப் மிஸ்ஸியிடம் அவளைத் தனியாய்க் கதைக்க விடு, நீ பக்கத்தில் நிற்காமல்.

கிழமைக்கொரு நாள், ஒரே தராசில், காலமை வெறுவயிற்றில் நிறுத்து எழுதி வை. அந்தக் கொப்பியும் நாடிக் கணக்கும் கையில் இருந்தால் கிளினிக்கில் பாதி நேரம் மிச்சம். இரத்தப் பரிசோதனை வந்தவுடன் இலக்கங்களை அப்படியே எழுது, "நோர்மலாம்" என்று மட்டும் எழுதாதே.

உன்
பத்மா