முதல் வேட்டைத் துவக்கு வாங்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்ராறியோவில் துவக்கால் (துப்பாக்கியால்) மானை வேட்டையாடும் பருவம் பெரும்பாலான இடங்களில் நவம்பரில்தான் வருகிறது. கோடை முடிவதற்குள் முதல் றைபிளை வாங்கி விடவேண்டும் என்று நினைக்கும் நம்மவர்கள் இப்போது கடைகளில் விலை விசாரிக்கத் தொடங்கியிருப்பார்கள். அவர்களில் பலர் எந்தத் தோட்டா பலமானது என்பதிலேயே முழு யோசனையையும் செலவழித்து விடுகிறார்கள். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) கடைக்காரர் பூட்டித் தந்தபடியே விட்டு, ஒரு பெட்டித் தோட்டாவோடு காட்டுக்குப் போகிறார்கள். அதன் விலையை மான்தான் கொடுக்கிறது. வயிற்றில் சன்னம் பட்ட மான் உடனே விழாது. சதுப்புக்குள் போய் மணிக்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும், இறைச்சியும் வீணாகும். ஆகவே றைபிளின் பெயரை விட, அதைப் பொருத்துவதிலும் பழகுவதிலும்தான் கவனம் போகவேண்டும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். கனேடியத் துவக்குப் பாதுகாப்புப் பயிற்சியில் எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் 80 வீதம் எடுத்த பிறகுதான், துவக்கை வாங்கவும் வைத்திருக்கவும் வேண்டிய பி.ஏ.எல். அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். முதல் முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்கு அது மட்டும் போதாது. மாகாணத்தின் வேட்டைக் கல்விப் பயிற்சி, அவுட்டோர்ஸ் கார்ட் (மாகாண வேட்டை அடையாள அட்டை), மானுக்கான உரிமமும் ராக்கும் (ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டு) வேண்டும். இன்னொன்று, பலர் வாங்கிய பிறகே அறிந்துகொள்வது: தென் ஒன்ராறியோவின் பல வேட்டைப் பிரிவுகளில் மானுக்கு றைபிளே அனுமதி இல்லை. அங்கே ஷொட்கன், குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துவக்கு, வில் இவைதான். எங்கே வேட்டையாடப் போகிறீர்கள் என்று தீர்மானித்து, அந்தப் பிரிவின் இலக்கத்தை மாகாண விதிச் சுருக்கத்தில் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.

தொடங்குபவருக்கு, போல்ற் என்ற கைப்பிடித் தாழ்ப்பாளைக் கையால் இழுத்து ஒவ்வொரு தோட்டாவையும் ஏற்றும் போல்ற் அக்‌ஷன் றைபிள்தான் என் தெரிவு. பாகங்கள் குறைவு, குளிரில் எளிதில் சிக்காது, போல்ற்றைக் கழற்றினால் குழலின் உள்ளே நேராகப் பார்க்கலாம். றூகர் அமெரிக்கன், சாவேஜ் அக்ஸிஸ் போன்ற விலை குறைந்தவையே நம் தேவைக்கு மேலாகக் குறி சுடும். கையிருப்பு அனுமதித்தால் ரிக்கா ரீ3எக்ஸின் போல்ற்றும், சுட இழுக்கும் விசையும் இதமாக இருக்கும். தோட்டாவில் .308 வின்செஸ்டர் எடுத்தால் வெள்ளைவால் மான், கருங்கரடி, மூஸ் மூன்றுக்கும் போதும். எந்தக் கடையிலும் கிடைக்கும். சுடும்போது தோளில் விழும் உதைக்கு அஞ்சுபவர் 7எம்எம்-08 அல்லது 6.5 கிறீட்மோர் எடுக்கலாம். .243 மானுக்கு நல்லது, மூஸுக்கு மெல்லியது. .300 வின்செஸ்டர் மக்னத்தைத் தொடங்குபவர் தொடவே வேண்டாம். அதன் உதை .308 இன் உதையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உதைக்குப் பயந்து சுடுவதற்கு முன்பே கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை பிடித்தால், அதைப் போக்க ஒரு பருவம் போய்விடும்.

தோளில் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பெரும்பாலான றைபிள்களில் விசையிலிருந்து, தோளில் வைக்கும் பிடங்கின் பின்முனை வரை ஏறத்தாழ 13.5 அங்குலம் இருக்கும். உயரம் குறைந்தவருக்கு, அதிலும் குளிர்கால ஜக்கெட்டின் மேல், இது நீளம். பிடங்கு அக்குளில் சிக்கும். இளையோருக்கும் சிறு உடலமைப்பு உள்ளவருக்கும் வரும் கொம்பாக்ட் அளவைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கண் வலுவான கண் என்றும் பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு இடையே ஒரு சிறு ஓட்டை விட்டு, அதனூடாகத் தூரத்து மின்விளக்கை இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது விளக்கு மறைகிறதோ அதுதான் உங்கள் வலுவான கண். வலது கையும் இடது கண்ணும் வலுவானவராக இருந்தால், இடது தோளில் சுடப் பழகுவதை இப்போதே யோசிப்பது நல்லது.

ஸ்கோப் 3-9x40 போதும்; அதாவது உருப்பெருக்கம் 3 முதல் 9 மடங்கு, முன்கண்ணாடி 40 மி.மீ. ஒன்ராறியோப் பற்றைக்காட்டில் பெரும்பாலும் நூறு யார் (ஒரு யார் மூன்று அடி) தூரத்துக்குள்தான் மானைக் காண்பீர்கள். பெரிய உருப்பெருக்கம் அங்கே இடைஞ்சல். ஆனால் ஸ்கோப் குழாயைப் பிடிக்கும் றிங்கிலும், றிங்கை றைபிளில் பூட்டும் பேஸிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பொருத்துவதில்தான் அதிகம் பிழை நேர்கிறது. பேஸ் ஸ்குறூக்களையும் அவற்றின் துளைகளையும் அல்ககோல் தொட்ட துணியால் எண்ணெய் போகத் துடையுங்கள். தொழிற்சாலை எண்ணெய் அப்படியே இருந்தால் ஸ்குறூ பிறகு தளரும். பேஸ் ஸ்குறூவில் நீல நிற திரெட் லொக்கரில் (ஸ்குறூ தளராமல் பிடிக்கும் பசையில்) ஒரு துளி மட்டும். றிங்கின் ஸ்குறூக்களில் போடாதீர்கள். அது வழுக்கி, காட்டும் அளவை விட அதிகமாக இறுகிவிடும், ஸ்கோப் குழாய் நசியும். இறுக்க, இறுக்கத்தின் அளவை இன்ச்-பவுண்டில் காட்டும் ரோர்க் டிரைவர் ஒன்று வாங்குங்கள்; கைக்கணக்கு நம்பத்தகாதது. தயாரிப்பாளர் தாளில் போட்டிருக்கும் எண்தான் சரியானது. பல றிங்குகளுக்கு மேல் ஸ்குறூ 15 முதல் 18 இன்ச்-பவுண்ட்.

இறுக்கும் முன் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிபார்க்க வேண்டும். குளிர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, உருப்பெருக்கத்தை 9இல் வைத்து, கண்ணை மூடித் தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறவுங்கள். தலையை அசைக்காமலே வட்டம் முழுதாக, கரிய விளிம்பில்லாமல் தெரிய வேண்டும். 3இல் வைத்து இதைச் செய்தால் சரியாக இருப்பது போலத் தோன்றும்; 9இல் கண் முன்னே நகர வேண்டிவந்து, உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். அடுத்து குறுக்குக்கோடு செங்குத்தா என்று பாருங்கள். சுவரில் ஒரு நூலில் நட் ஒன்றைத் தொங்க விட்டு, றைபிள் சாயாதபடி வைத்து, கோட்டை நூலோடு ஒட்டுங்கள். சாய்ந்த கோடு நூறு யாரில் தெரியாது, தூரம் கூடக் கூட சன்னத்தைப் பக்கவாட்டில் கொண்டுபோகும். றிங்கின் இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

அடுத்து தோட்டா. ஒரே தயாரிப்பு, ஒரே எடை, முடிந்தால் ஒரே லொட் எண் (ஒரே தொகுதியில் செய்ததைக் காட்டும் எண்) உள்ள மூன்று நான்கு பெட்டி வாங்குங்கள். .308க்கு 150 அல்லது 165 கிறெயின் (சன்னத்தின் எடை அளவு) சொஃப்ற் பொயின்ற், அதாவது உடலில் விரியும் மென்முனைச் சன்னம், போதும். முழுக்கவசச் சன்னம் உடலில் விரியாமல் துளைத்துப் போகும். அது வேட்டைக்கானது அல்ல. குழலில் பொறித்த பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேட்டை முகாமில் இரண்டு அளவுத் தோட்டாக்கள் ஒரே பையில் கலப்பது பெரும் ஆபத்து.

ஸீரோ பார்க்க, அதாவது ஸ்கோப் காட்டும் இடத்திலேயே சன்னம் படும்படி திருத்த, காதுக்கும் கண்ணுக்கும் காப்புப் போட்டு, சுடுகளத்தில் 25 யாரிலிருந்து தொடங்குங்கள். முதலில் துணியால் குழலிலுள்ள எண்ணெயைத் துடையுங்கள். போல்ற்றைக் கழற்றி, றைபிளை மணற்பையில் அசையாமல் வைத்து, குழலினூடாக இலக்கின் நடுவைப் பாருங்கள். றைபிளைத் தொடாமல் ஸ்கோப்பின் குமிழ்களைத் திருகிக் குறுக்குக்கோட்டையும் அதே நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இப்படிச் செய்தால் முதல் வெடியே காகிதத்தில் விழும். செய்யாதவர் அரைப் பெட்டி தோட்டாவை மண்மேட்டுக்குள் விடுவார். பொதுவான ஸ்கோப்பில் குமிழின் ஒரு கிளிக் சன்னத்தை நகர்த்துவது நூறு யாரில் கால் அங்குலம், 25 யாரில் பதினாறில் ஒரு அங்குலம். அதாவது 25 யாரில் இரண்டு அங்குலம் இடப்பக்கம் பட்டால் வலப்பக்கம் 32 கிளிக். குமிழில் உள்ள அம்பு சன்னம் நகரும் திசையைக் காட்டுகிறது, கோடு நகரும் திசையை அல்ல. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

பிறகு நூறு யார். மூன்று வெடி சுட்டு, மூன்றின் நடுப்புள்ளியை வைத்துத் திருத்துங்கள். ஒவ்வொரு வெடிக்கும் குமிழைத் திருகினால் உங்கள் கைநடுக்கத்தைத்தான் துரத்துவீர்கள். வேட்டை றைபிளின் குழல் மெல்லியது, சூடேறினால் சன்னம் விலகத் தொடங்கும். மூன்று வெடிக்குப் பிறகு கைவைக்கக் கூடிய அளவு ஆறவிடுங்கள். மணற்பை முன்பிடங்கின் கீழ் இருக்க வேண்டும், குழலின் கீழ் அல்ல. 150 கிறெயின் .308ஐ நூறு யாரில் நடுவில் வைத்தால் 200 யாரில் ஏறத்தாழ நான்கு அங்குலம் தாழும். முதல் ஆண்டுக்கு இதுவே போதும். எத்தனை முறை திருத்தியும் குறி நிற்கவில்லை என்றால் ஸ்கோப்பைக் குறை சொல்ல முன்பு, றைபிளைப் பிடங்கோடு பிணைக்கும் அடி ஸ்குறூக்களையும் பேஸையும் றிங்கையும் பாருங்கள். அங்கும் பிழையில்லாவிட்டால், கூட இருப்பவரைக் கொண்டு நல்ல தோட்டாக்களுக்கு இடையே வெடிமருந்தில்லாத ஒரு போலித் தோட்டாவை உங்களுக்குத் தெரியாமல் போடச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த நொடியில் குழல்வாய் கீழே குனிந்தால் பிழை ஸ்கோப்பில் அல்ல, உதைக்குப் பயந்து அசையும் உங்கள் தோளில் இருக்கிறது.

மேசையில் சுட்டுப் பெற்ற குறி மரத்தடியில் கிடைக்காது. மானின் இதயமும் நுரையீரலும் உள்ள இடம் ஏறத்தாழ எட்டு அங்குலம். அந்த அளவுக் காகிதத் தட்டொன்றை வைத்து, உட்கார்ந்தும் முழந்தாளிட்டும் நின்றும் சுடுங்கள். ஐந்து வெடியும் தட்டில் விழும் தூரம் எதுவோ, அந்த நிலையில் அதுதான் உங்கள் எல்லை. நின்று சுடும்போது அது ஐம்பது யாராக இருந்தால், மான் எண்பதில் நிற்கும்போது விசையைத் தொடாதீர்கள். ஸ்கோப்பால் காட்டைத் துழாவுவதும் கூடாது. அசைவது என்ன என்று பார்க்கத் துவக்கை நீட்டினால், அது ஒரு மனிதராக இருக்கலாம். அதற்குப் பைனொக்குலர் இருக்கிறது.

குளிரில் தடித்த எண்ணெய் இறுகி, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி மெதுவாக அடிக்கும், தோட்டா வெடிக்காது. பருவத்துக்கு முன் போல்ற்றை நன்றாகத் துடைத்து மிக மெல்லிய பூச்சோடு விடுங்கள். குழல்வாயில் பனியோ சேறோ அடைத்திருக்கச் சுட்டால் குழல் வெடிக்கும். வாயின் மேல் ஒட்டிய ஒரு துண்டு மின்நாடா அதைத் தடுக்கும். விழுந்தெழும்பினால் தோட்டாக்களை எடுத்து, போல்ற்றையும் கழற்றிக் குழலைப் பாருங்கள். செம்மஞ்சள் மேலாடை 400 சதுர அங்குலமும் தொப்பியும் சட்டப்படி கட்டாயம். சூரியன் மறைந்து அரைமணி ஆனதும் துவக்கு வெறுமையாக உறைக்குள் போக வேண்டும். வாகனத்தில் தோட்டா ஏற்றிய துவக்குக் கூடவே கூடாது. வீட்டில் விசைப் பூட்டுப் போட்டோ, போல்ற்றைக் கழற்றியோ, பூட்டிய பெட்டியிலோ வையுங்கள். தோட்டாவை வேறிடத்தில் பூட்டுங்கள். பிள்ளைகள் உள்ள வீடென்றால் இவற்றில் ஒன்றோடு திருப்தி அடையாமல் பெட்டியும் பூட்டும் இரண்டும் செய்யுங்கள்.

மாகாண வேட்டை விதிகளின் முக்கியமான பகுதிகளையாவது உங்கள் பத்திரிகை பருவம் தொடங்கும் முன் தமிழில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கில விதிச் சுருக்கத்தில் தடுமாறும் மூத்தவர்களும், மகனோடும் மருமகனோடும் காட்டுக்குப் போகிறார்கள்.

இப்படிக்கு,
துவக்குப் பாதுகாப்புப் பயிற்றுநர் ஒருவர்,
ஸ்காபரோ