எவர்சில்வர் டம்ளரில் தொடங்குங்கள், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

"ஒரு கோடு நேராக வரமாட்டேன் என்கிறது, இந்த வயதில் எங்கே படம் வரைவது?" என்று கேட்டிருந்தீர்கள். வாசலில் பதினைந்து புள்ளிக் கோலத்தைக் கண்ணளவிலேயே போடுகிற கைக்கு நேர்க்கோடு வராமல் போகாது. கோலம் போடும்போது தோளிலிருந்து கை மொத்தமும் நகர்கிறது. தாள் என்றதும் எழுதுகிற பழக்கத்தில் மணிக்கட்டை ஊன்றிவிடுகிறீர்கள். ஊன்றிய மணிக்கட்டு காம்பஸ் முள் மாதிரி. அதைச் சுற்றி வளைவுதான் விழும்.

ஆகவே முதல் வாரம் படமே வேண்டாம். ஒரு தாளில் 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். பென்சிலைத் தாளில் படாமல் இரண்டு மூன்று முறை அந்தப் பாதையில் ஓட்டிவிட்டு, போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்த்தபடி ஒரே இழுப்பில் இழுங்கள். பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டே போனால் கோடு நடுங்கும். நாளுக்கு இருபது கோடு, பத்து நீள்வட்டம். அது போதும்.

கடையில் பெரிய பெட்டியாக விற்கிற செட் எதையும் வாங்காதீர்கள். எச்.பி., 2பி, 6பி என்று மூன்று பென்சில், ஒரு ரப்பர், பழக ஜெராக்ஸ் எடுக்கிற ஏ4 தாள், பிறகு கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது படம் வரைகிற கெட்டித் தாள், 130 ஜி.எஸ்.எம்.முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாமல். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு சமாசாரம் இருக்கிறது. பிரான்சில் 1795இல் நிக்கோலா ஜாக் கோன்டே என்பவர் கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் குழைத்துச் சுட்டுப் பென்சில் முனை செய்யக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் முனை கடினமாகும், நிறம் வெளிறும். அது எச் பக்கம். கிராஃபைட் கூடினால் மெத்தென்று கருப்பாக வரும். அது பி பக்கம். எச்.பி.யை அழுத்தி அழுத்திக் கருப்பு வரவழைக்க முடியாது. தாள் பள்ளமாகிப் பளபளக்கும், அவ்வளவுதான். கருமை வேண்டுமானால் 6பியை எடுங்கள்.

இனி உட்காரும் விதம். தாளை மேஜையில் தட்டையாக வைத்தால் அதன் மேற்பகுதி கண்ணுக்குத் தள்ளிப்போய்க் குறுகித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தானாக நீட்டி வரையும். தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் படம் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். பரீட்சை அட்டையில் தாளைக் கிளிப் போட்டு, நாலைந்து புத்தகத்தில் சாய்த்து வையுங்கள். வரைகிற பொருள் நாலைந்து அடி தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் இருந்தால் தலை சற்று அசைந்தாலும் உருவம் மாறிவிடும். நாற்காலிக் கால்களைச் சுற்றிக் கோலமாவால் ஒரு குறி போட்டுவிட்டால் மறுநாளும் அதே இடத்தில் உட்காரலாம்.

முதல் படத்துக்கு எவர்சில்வர் டம்ளரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் வருகிற தவறுகளில் முக்கால்வாசி அதற்குள்ளேயே இருக்கின்றன. வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். அதனால் மேலிருந்து எட்டிப் பார்த்த மாதிரி அகலத் திறந்து வரைகிறோம். அடி மேஜையில் சமமாக உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரியும். அதனால் அடியை நேர்க்கோடாகப் போட்டு மூடிவிடுகிறோம். வாயை ஒருவர் மாடியிலிருந்தும் அடியை இன்னொருவர் தரையில் படுத்தும் பார்த்த படம் அது. உண்மையில் வாய், அடி இரண்டுமே நீள்வட்டமாகத்தான் தெரியும். டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்குங்கள்: வாய் ஒரே கோடாகிவிடும். மெல்லக் கீழே இறக்குங்கள்: திறந்துகொண்டே வரும். கண் மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு திறப்பு. அப்படியென்றால் வாயைவிட அடிதான் வட்டத்துக்குக் கிட்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு திறப்பு என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். கையை முழங்கை மடங்காமல் நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள், கடைசிவரை அதே கண்ணை. பென்சில் முகத்துக்கு இணையாக நிற்கட்டும், டம்ளரைக் குத்துகிற மாதிரி சாயக் கூடாது. முனையை வாயின் ஒரு ஓரத்தில் வைத்து, மறு ஓரம் வருமிடத்தில் கட்டைவிரலை நிறுத்துங்கள். அந்த அகலம் உயரத்துக்குள் எத்தனை முறை போகிறது? வாயின் திறப்பு அந்த அகலத்தில் எத்தனையில் ஒன்று? நமக்கு வேண்டியது விகிதம் மட்டும். முழங்கை ஒருமுறை மடங்கி ஒருமுறை நீண்டால் அளவுகோலே மாறிவிடும். அளந்தும் தப்பாக வருகிறதே என்பவர்கள் பெரும்பாலும் முழங்கையில்தான் கோட்டை விடுகிறார்கள்.

தாளில் முதலில் நடுவே 12 செ.மீ. நிலைக்கோடு. அதன் மேல்முனையில் வாய், கீழ்முனையில் அடி. அடியின் பின்பக்கம் மறைந்திருந்தாலும் நீள்வட்டத்தை முழுதாகவே லேசாகச் சுற்றுங்கள். பாதி மட்டும் போட்டால் ஓரம் உடைந்துவிடும். ஓரங்கள் எலுமிச்சை நுனி மாதிரி கூராக வரக் கூடாது, எவ்வளவு தட்டையான நீள்வட்டமும் ஓரத்தில் வளைந்துதான் திரும்பும். பக்கக் கோடுகள் இரண்டையும் கடைசியில் இழுங்கள். முடிந்ததும் தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பாருங்கள். கண்ணுக்குப் பழகிப்போன சாய்வெல்லாம் அங்கே பளிச்சென்று தெரியும்.

தப்பான கோட்டை உடனே ரப்பரால் அழிக்காதீர்கள் என்பதை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். அழித்துவிட்டால் எதிலிருந்து எவ்வளவு நகர்த்துவது என்ற அடையாளமும் போய்விடும். கை மறுபடி அதே இடத்தில்தான் போடும். தப்பை இருக்கவிட்டு, பக்கத்தில் சரியான கோட்டைப் போட்ட பிறகு அழியுங்கள்.

நிழலுக்கு எவர்சில்வர் ஆகாது. அறையெல்லாம் அதில் தெரியும், எது நிழல் எது பிம்பம் என்று குழம்பிவிடும். வெள்ளை முட்டை ஒன்றை வெள்ளைத் தாள்மேல் வையுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு பக்கம் மட்டும் மேஜை விளக்கு. கண்ணை இடுக்கிப் பாருங்கள், வெளிச்சம் ஒரு துண்டு, இருட்டு ஒரு துண்டு என்று பிரியும். (படிக்கிற கண்ணாடி போட்டால் தூரத்துப் பொருள் மங்குகிறது என்றீர்களே, இந்த ஒரு வேலைக்கு அந்த மங்கல் நல்லது.) நிழல் பக்கத்தின் அடியோரத்தில், கீழே உள்ள தாளிலிருந்து எதிரொளிக்கும் மெல்லிய வெளுப்பு ஒன்று தெரியும். அதைத்தான் எல்லோரும் அளவுக்கு மேல் வெளுப்பாக விட்டுவிடுவார்கள். அது நிழலைச் சேர்ந்தது. வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிடவும் அது கருத்தே இருக்க வேண்டும். விரலால் தேய்த்து மழுப்பாதீர்கள், தோலின் எண்ணெய் பட்ட இடம் திட்டாகி ரப்பருக்கும் போகாது. உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் எப்போதும் இருக்கட்டும்.

பத்து டம்ளர் ஆனதும் எனக்கு அனுப்புங்கள், தேதி போட்டு, மோசமானதையும் சேர்த்து. கூடவே டம்ளரையும் ஒரு போட்டோ எடுங்கள். நீங்கள் உட்கார்ந்த நாற்காலியிலிருந்தே, போனைக் கண் உயரத்தில் பிடித்து எடுக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் போட்டோவில் வாய் இன்னும் திறந்துவிடும்; சரியாக வரைந்த படத்தைத் தப்பென்று சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்