சுரண்டிவிட்டுப் போடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் சாலைப் பிரிவுப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் இரவோடு இரவாக எங்கள் கடைத்தெருவுக்குப் புதுத் தார் ரோடு போட்டுக் கொடுத்தீர்கள். நன்றி. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே போட்டதால்தான் இந்த மடல்.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. அடியில் 50 மி.மீ., மேலே 40 மி.மீ. என்று ஒரு முறை போட்டால் 9 செ.மீ. ஏறும். நாலு முறைக்கு 36 செ.மீ. ஆறங்குலப் படி இரண்டு ஏறி நுழைந்த கடை, இப்போது ரோட்டைவிட இரண்டு அங்குலம் பள்ளம். படிகள் தாருக்குள் கிடக்கின்றன.

அரை மணி மழை போதும். வடிகால் வாயைத் தார் அடைத்துவிட்டதால், ஓரத்துக்கு வரும் தண்ணீருக்குத் தெரிந்த ஒரே வழி ஷட்டரின் அடிப்பட்டைக்குக் கீழே இருக்கும் விரற்கடை இடைவெளி. மளிகைக் கடையில் அடி மூட்டைத் துவரம்பருப்பு ஊறி உப்பித் தையலைப் பிரிக்கும். மேல் மூட்டையில் ஈரம் ஏறி மூன்றாம் நாள் வாடை அடிக்கும். துணிக்கடையில் முழங்கால் உயரம்வரை தட்டுகளைக் காலியாக விடவேண்டும். வாடகை என்னவோ முழுக் கடைக்கும்தான்.

தண்ணீரைத் தடுக்க வாசலில் அரையடிச் செங்கல் திட்டு கட்டினால் தள்ளுவண்டிச் சரக்கு உள்ளே உருளாது, முழங்கால் வலிக்காரர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். ஏறி இறங்கத் திட்டுக்கு வெளியே ஒரு சரிவு போட்டால் ஆக்கிரமிப்பு என்று உங்கள் நோட்டீஸ் வருகிறது. படியைப் புதைத்தது யார் என்று அந்த நோட்டீஸில் இடமிருந்தால் எழுதலாம்.

வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே என்பார்கள். வரிசைக் கடைகளுக்குச் சுவர் பொது. ஒன்றைத் தூக்கினால் பக்கத்துக் கடை பிளக்கும். தெருவையே மொத்தமாகத் தூக்க ஒப்பந்தப்புள்ளி கோருகிறீர்களா?

விளைவு கண்ணெதிரே இருக்கிறது. தையல்காரர், வாட்ச் ரிப்பேர், நோட்டுப் புத்தகக் கடை என ஒவ்வொன்றாகக் காலி. அங்கே வருவது மூன்றடி அடித்தளம் எழுப்பி, மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட வசதியுள்ள ஷோரூம். அது இறைக்கும் தண்ணீரும் மிச்சமிருக்கும் பள்ளக் கடைகளுக்கே வரும். ரோடு போட்ட தார் ஆறுவதற்குள் கேபிளுக்குத் தோண்டுவது தனிக் கதை. அதற்கு இன்னொரு மடல் வேண்டும்.

கோபத்தில் நீட்டிவிட்டோம், மன்னிக்கவும். கேட்பது புதிதல்ல. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியதுதான். வேலைக்கு முன் ஒவ்வொரு கடை வாசலிலும் ரோட்டு மட்டத்தை லெவல் எடுத்து, வேலை அளவுகளைப் பதியும் எம்-புக்கில் ஏற்றுங்கள். முடிந்தபின் மறுபடி எடுங்கள். முன்னைவிட ரோடு உயர்ந்திருந்தால் ஒப்பந்தக்காரருக்குப் பில் வேண்டாம். மேன்ஹோல் மூடிகளையும் வடிகால் வாய்களையும் அதே மட்டத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். போன வாரம் போட்டதையும் சேர்த்துச் சுரண்டிவிட்டுப் போடுங்கள், ஐயா.

ஐப்பசி மழைக்குள் முடிந்தால் நல்லது. ரோட்டைச் சுரண்டும் மில்லிங் இயந்திரம் வரும் இரவுகளில் எட்டு மணிக்கே ஷட்டரை இறக்கி, வண்டிகளையும் அப்புறப்படுத்தித் தருகிறோம். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடைத்தெரு வியாபாரிகள்