கயிற்றை உருவிய பிறகு

வட்டக்கச்சி,
சித்திரை மாதம்

அன்பின் மச்சானுக்கு,

போன கிழமை நீ எடுத்தபோது நான் வயலில் நின்றேன். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து நாலாம் நாள். மண்வெட்டியை வரம்பில் குத்திவிட்டுத்தான் உன்னோடு கதைத்தேன். உன் மகன் கல் இடுக்கொன்றில் மாட்டுப்பட்டு ஓர் இரவு முழுக்கக் கிடந்தான், விடிய ஆட்கள் வந்து எடுத்தார்கள் என்று நீ சொன்னதும் எனக்குக் கால் சோர்ந்துவிட்டது. பெடியன் சுகம் என்று கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அதற்குப் பிறகு நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, "என்ரை மானத்தை வாங்கிப்போட்டான்" என்றது. மற்றது, "வந்தவங்கள் ஆறு மணித்தியாலம் மேலே நிண்டு என்ன செய்தவங்கள்? ஒரு ஹெலியிலை தூக்கியிருக்கலாமே" என்றது. இரண்டும் எனக்குள் கிடந்து அறுத்துக்கொண்டே இருக்கின்றன. போனில் சொன்னால் நீ இடையில் பாய்வாய். அதனால்தான் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

ஞாயிற்றுக்கிழமை மகனோடு வாட்ஸ்அப்பில் ஒரு மணித்தியாலம் கதைத்தேன். முதலில் தயங்கினான். "மாமா, நீங்களும் பேசப்போறீங்களோ?" என்றான். இல்லையடா, எனக்கு விளங்கப்படுத்து என்றேன். பிறகு எல்லாம் சொன்னான்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் தெற்குப் பக்கத்தில் இப்படியான இடங்கள் நிறைய இருக்கின்றனவாம். ஸ்லொட் கன்யன் என்கிறார்கள். மணற்கல் மலையை மழைவெள்ளம் காலங்காலமாக அரிந்து அரிந்து கத்தியால் கீறினது போல ஒரு வெடிப்பை விட்டிருக்கிறது. உயரம் நூறு, இருநூறு அடி. அகலம் சில இடங்களில் இரண்டு கையையும் விரிக்கக்கூடக் காணாது. நடந்து பார்த்துவிட்டு வரக்கூடியவையும் உண்டு. இவன் போனது அந்த வகை இல்லை. மேலே இருந்து கயிற்றில் இறங்கி இறங்கிக் கீழ்வாசலால் வெளியே வரவேண்டிய வகை.

அதில்தான் விஷயமே இருக்கிறது, மச்சான். மலை ஏறுகிறவன் களைத்தால் திரும்பி இறங்கலாம். இங்கே இறக்கம் முதலில் வருகிறது. ஒரு வளையத்துக்குள்ளால் கயிற்றை நடுவில் மடித்துப் போட்டு, இரண்டு தலைப்பையும் கீழே விட்டு, எல்லோரும் இறங்கியதும் ஒரு தலைப்பைப் பிடித்து இழுத்தால் கயிறு முழுதும் உருவிக் கீழே வந்துவிடும். அடுத்த இறக்கத்துக்கு அது வேண்டும், விட்டுவிட்டுப் போக முடியாது. ஆனால் கயிற்றை உருவிய அந்தக் கணத்தோடு பின்வழி அடைபட்டுப் போகிறது. முன்னால் என்ன இருந்தாலும் அதைக் கடந்துதான் வெளியே வரவேண்டும். "அதை மாமா, நாங்கள் யோசிக்கவே இல்லை" என்றான். நாலு பேர். அவர்களில் இரண்டு பேர் உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகியவர்கள். கயிறு பிடிக்கத் தெரியும், அது போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது இறக்கத்துக்குக் கீழே ஒரு கல்மடு. அவன் ஏதோ ஆங்கிலச் சொல் சொன்னான், எனக்கு உடனே எங்கள் கல்மடுதான் வாயில் வந்தது. வெள்ளம் சுழன்று சுழன்று கல்லில் தோண்டின குழி, பக்கமெல்லாம் சீமெந்து பூசினது போல வழுவழுப்பு. தண்ணீர் நிரம்பி நின்றால் நீந்தி மறுகரையில் ஏறிவிடலாம். அன்று நெஞ்சளவுதான் நின்றது. மறுகரையின் விளிம்பு தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில். தண்ணீர் குறைந்ததால்தான் ஆபத்து என்பது எனக்குப் புதுசு. ஆனால் உனக்கும் எனக்கும் அது விளங்காமல் போகாது. கட்டில்லாத கிணற்றில் விழுந்த ஆடு மாரியில் மிதந்தாவது கிடக்கும், கோடையில் அடியில் நின்று கத்தும்.

ஒருவன் தோளில் ஒருவன் ஏறிப் பார்த்திருக்கிறார்கள். வழுக்கி வழுக்கி விழுந்திருக்கிறார்கள். இரண்டு மணித்தியாலம் போயிற்று. வெயில் அந்த அடிக்கு வருவதே இல்லை. மேலே பார்த்தால் வானம் ஒரு கோவணத் துண்டு அகலத்தில் தெரிந்ததாம். தண்ணீரோ ஐஸ். அந்த இடங்களுக்கு ரப்பர் உடுப்புப் போட்டுக்கொண்டு போகவேண்டும், உடம்புச் சூட்டை அது பிடித்து வைத்திருக்கும். இவர்கள் வெளியே இருந்த வெயிலைப் பார்த்துவிட்டு ரீசேர்ட்டோடு இறங்கினவர்கள். பிறகு நடந்ததை அவன் சொன்னபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. கயிற்றில் ஒரு முடிச்சுப் போட வேண்டியிருந்தது, தினமும் போடுகிற சாதாரண முடிச்சு. விரல் மடங்கவில்லையாம். கையைப் பார்க்கிறானாம், கை தன்னுடையது இல்லாதது போல இருக்கிறதாம். கூட வந்த ஒருவன் நடுங்குவதையே நிறுத்திவிட்டான், அதைத் தேறிவிட்டான் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள். நடுக்கம் நின்றால்தான் பயப்பட வேண்டும் என்று பிறகு மீட்புக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்ததாம்.

அவர்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு காரியம். ஒருவனின் அக்காவிடம் எந்த இடுக்கு, எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரவு ஒன்பது மணி தாண்டியதும் அந்தப் பிள்ளை ஷெரிப் அலுவலகத்துக்கு, அந்த ஊர்ப் பொலிசுக்கு, அறிவித்துவிட்டது. உள்ளே போன் வேலை செய்யாது. சற்றலைட்டில் செய்தி அனுப்புகிற கருவிகூட அந்த இடுக்கில் வானம் பிடிபடாமல் தடுமாறுமாம். 2003 இல் புளூஜோன் கன்யனில் ஆரன் ரால்ஸ்டன் என்பவரின் கையைக் கல் நசுக்கிப் பிடித்தது உனக்குத் தெரிந்திருக்கும். ஐந்து நாளுக்கு மேல் கிடந்து, கடைசியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வந்தார். அவர் கெட்டிக்கார மலையேறி. போகிற இடத்தை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் அப்பு தேன் எடுக்கக் காட்டுக்குள் இறங்கும்போது கொப்பொன்றை முறித்து மரத்தில் தொங்கவிட்டுப் பிள்ளையாரைக் கும்பிடுவார். அதற்கு முன்னம் அம்மாவிடம், "பனிக்கன்குளப் பக்கம், பொழுதுபட முதல் வருவன்" என்று சொல்லிவிட்டுத்தான் படலையைத் திறப்பார்.

சரி, உன் ஹெலிக்கு வருகிறேன்.

ஹெலி மேலே வந்து நிற்கலாம், மச்சான். நாலடி அகல வெடிப்புக்குள் அது எப்படி இறங்கும்? மீட்புக்காரர்கள் இருட்டில் மலைவிளிம்பால் நடந்து, பிள்ளைகள் எந்த இடத்தில் கிடக்கிறார்கள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிடித்து, அதற்கு நேர் மேலே வந்திருக்கிறார்கள். மணற்கல் மரம் மாதிரி இல்லை, கண்ட இடத்தில் கயிறு கட்ட முடியாது. துளைத்து இரும்பு பொருத்தி, ஒன்று விட்டால் மற்றது தாங்கும்படி இரண்டு மூன்று இடத்தில் கட்டி, ஓரத்தில் கயிறு அறுபடாமல் காப்புப் போட்டு, உதிர்கல்லைத் தட்டி அகற்றி, அதற்குப் பிறகுதான் ஆளை இறக்கலாம். ஒரு சின்னக் கல் விழுந்தாலும் கீழே கிடக்கிற பிள்ளையின் தலையில்தான் விழும்.

1984 ஆவணியை நீ மறந்திருக்க மாட்டாய். கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டதென்று, பக்கத்து வளவில் இறைக்கிற மிசினைக் கிணற்றுக்குள்ளே தட்டில் இறக்கி வைத்து ஓட்டினார்கள். புகை கிணற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. தம்பிக்காரன் மிசினை நிற்பாட்ட இறங்கினான், விழுந்தான். தமையன் "ஐயோ" என்று கத்திக்கொண்டு பின்னாலே இறங்கினான், அவனும் விழுந்தான். மூன்றாவதாக இறங்கக் கால் வைத்தது நான். உன் அப்பா என் சேட்டுக் கொலரில் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஒரு அறை அறைந்தார். அந்த அறையின் சூடு இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. சனம் முழுக்க அவரைத் திட்டியது. "உள்ளே பெடியள் சாகினம், இவன் நிண்டு கயிறு பாக்கிறான்" என்று ஒரு கிழவி மண்ணை வாரி எறிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. மிசின் தானாக நின்றிருந்தது. வேப்பங்கொப்புக் கட்டிக் கயிற்றில் ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்கச் சொன்னார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். வடத்தைத் தன் இடுப்பில் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். நாலு பேரிடம் தலைப்பைக் கொடுத்து, "நான் கை ஆட்டேல்லை எண்டால் கேள்வி கேளாமல் இழுங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கினார். தம்பியை உயிரோடு கொண்டுவந்தார். தமையன் போய்விட்டான்.

நானும் இறங்கியிருந்தால் உன் அப்பா யாரைத் தூக்கியிருப்பார்? அந்த அரை மணித்தியாலம்தான் நீ கேட்ட ஆறு மணித்தியாலம். 2018 இல் தாய்லாந்துக் குகையில் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களின் பயிற்சியாளரும் அகப்பட்டதை நாங்கள் இங்கே டிவிக்கு முன்னால் இருந்து பார்த்தோம். பதின்மூன்று பேரும் உயிரோடு வந்தார்கள். ஆனால் காற்றுச் சிலிண்டர் கொண்டுபோய்த் திரும்பிய சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் உயிரோடு வரவில்லை. மீட்கப் போகிறவனுக்கும் வீடு இருக்கிறது. யூட்டாவில் இந்தக் குழுக்களில் பெரும்பாலானோர் சம்பளமில்லாத தொண்டர்கள் என்று மகன் சொன்னான். அவனிடம் முதலில் இறங்கி வந்தவர் ஒரு பெண். பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவராம். வந்ததும் ஏச்சில்லை, கேள்வியில்லை, தன் ஜக்கெட்டைத் திறந்து அந்த நடுங்காத பெடியனை அணைத்துப் பிடித்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது உன் மகன் அழுதான்.

மழைக்காலம் இல்லாததும் அவர்கள் செய்த புண்ணியம். பேத்தியைக் கொண்டு தேடுவித்து மூன்று இரவு வாசித்தேன். 1997 ஆவணி 12 ஆம் திகதி அரிசோனாவின் அன்டலோப் கன்யனில் பதினொரு உல்லாசப் பயணிகள் வெள்ளத்தில் போனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழையே இல்லை, மைல் கணக்கில் மேலே பெய்தது. 2015 புரட்டாதி 14 ஆம் திகதி யூட்டாவின் சயன் தேசியப் பூங்காவில் கீஹோல் என்ற இடுக்குக்குள் ஏழு பேர். சின்னப் பெடியள் இல்லை, நாற்பது ஐம்பது வயதுக்காரர். காலையில் பெர்மிட் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். வெள்ளம் வரக்கூடும் என்ற அறிவித்தலும் அன்று இருந்தது. பின்னேரம் அங்கத்தைய வேர்ஜின் ஆற்றில் வினாடிக்கு 55 கனவடியாக ஓடிய தண்ணீர் பதினைந்தே நிமிடத்தில் 2,630 கனவடியாகிவிட்டது. ஏழு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கனவடி என்றால் என்னவென்று இரணைமடுக் குளத்தின் வான் கதவுக்குக் கீழே வாழ்கிற எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மார்கழியில் இரவோடு இரவாக வந்த வெள்ளத்தில் நாங்கள் பட்டதை உனக்கு எழுதியிருந்தேன். வவுனியாப் பக்கம் கறுத்தால் கனகராயன் ஆற்றில் கால் வைக்காதே என்று எங்களைச் சின்னனிலேயே வெருட்டி வளர்த்தார்கள். தலைக்கு மேலே வெயில் எறித்தாலும் ஆறு வேறு ஊர் மழையைக் கொண்டுவரும். உன் மகனுக்கு அப்படி வெருட்ட ஒருவரும் இருக்கவில்லை. அது அவன் பிழையா?

இனி அந்த மானக் கதை. நீ அவனோடு நாலு நாளாகக் கதைக்கவில்லை என்றான். மச்சான், இதை விடு. அப்பாவுக்குத் தெரிந்தால் வெட்கக்கேடு என்று ஒருவன் பயந்தால் அடுத்த முறை என்ன செய்வான்? ஆறு மணிக்கே அறிவிக்க வேண்டியதை, இன்னும் கொஞ்சம் பார்ப்போம், எப்படியும் ஏறிவிடுவோம் என்று நள்ளிரவுக்குத் தள்ளுவான். குளிர் அதற்குக் காத்திருக்காது. மீட்புக்குக் காசு அறவிடக்கூடாது என்று அங்கே மலைமீட்புக்காரர்களே வாதாடுகிறார்களாம், சனம் பயந்து கூப்பிடப் பிந்தும் என்பதுதான் அவர்கள் சொல்கிற காரணம். தங்களுக்கு வேலை கூடினாலும் பரவாயில்லை, நேரத்தோடு கூப்பிடு என்கிற ஆட்கள் அவர்கள்.

அவனைப் போகாதே என்றும் சொல்லாதே. உன் மகன் உன்னைப் போலத்தான், சொன்னால் போவான். போகட்டும். முதலில் தெரிந்தவர்களிடம் ஒழுங்காகப் பழகட்டும். மடுவிலிருந்து ஏறுவதற்கே தனியாக முறைகள் இருக்கின்றனவாம், சாமான்களும் உண்டாம். சூடு காக்கும் உடுப்பு வாங்க நீ காசு கொடு. கயிறு இரண்டு கொண்டுபோகச் சொல். முதல் இறக்கத்தில் கயிற்றை உருவ முன்னம் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, போகத்தான் வேண்டுமா என்று ஒருதரம் கேட்கச் சொல்.

இங்கே எல்லோரும் சுகம். மாமரம் இந்த முறை நன்றாகப் பிடித்திருக்கிறது. குரங்கு விட்டால் பழம். உங்கள் வளவுக் கிணற்றைப் போன மாதம் இறைத்துத் துப்பரவாக்கி, மேலே கம்பிவலை போட்டுவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வழியால்தான் போகிறார்கள்.

ஓர் உதவி செய். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறேன். இறங்கி வந்த அந்த ரீச்சரின் பெயரை மகனிடம் கேட்டு எழுது. உன் மகன் பெயரோடு அவர் பெயருக்கும் ஓர் அருச்சனை செய்யவேண்டும். நட்சத்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஐயரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்