வண்டிக்கு லெக் கார்டு இருக்கிறது, ஓட்டுகிறவருக்கு? இருசக்கர வாகன ஷோரூம் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் இருசக்கர வாகன ஷோரூம் நடத்தும் எல்லோருக்கும் வணக்கம்.

திருச்சி உறையூரில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி அனுப்பி வைக்கும் வண்டிகளில் பல, ஃப்ரீ சர்வீஸ் முடிந்ததும் என்னைப் போன்றவர்களிடம்தான் வந்து சேர்கின்றன. டெலிவரி நாளில் நீங்கள் தரும் விலைச்சீட்டைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

அந்தச் சீட்டில் 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்' என்று ஒரு பகுதி வருகிறது. லெக் கார்டு, சீட் கவர், ஃப்ளோர் மேட், ஸ்கூட்டர் என்றால் சுற்றிலும் கம்பி, அதற்கு மேல் டெஃப்லான் கோட்டிங். வண்டியின் எந்த மூலை தரையில் உரசினாலும் பெயின்ட் போகக்கூடாது என்று யோசித்து யோசித்து விற்கிறீர்கள். நல்லதுதான், லெக் கார்டைக் குறை சொல்ல மாட்டேன். வண்டி சாயும்போது காலுக்கும் தரைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டுக் கொடுக்கிறது. ஆனால் அந்தச் சீட்டில் ஓட்டுகிறவரின் உடம்புக்கென்று இருப்பது ஒரே ஒரு ஹெல்மெட். அதுவும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-ஆம் விதி, வண்டி வாங்கும்போதே ஐ.எஸ்.ஐ. தரத்தில் ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று சொல்வதால்.

விழுந்த வண்டி பட்டறைக்கு வந்தால் எப்படி விழுந்தது என்று நாங்கள் கேட்பதே இல்லை, வண்டியே சொல்லிவிடும். வேகமாக மோதியது என்றால் ஃபோர்க் வளைந்திருக்கும், ரிம் கோணியிருக்கும். அப்படி வருவது குறைவு. அடிக்கடி வருவது வேறு வகை. ஒரு பக்க ஹேண்டில் முனை தேய்ந்திருக்கும், அதே பக்கத்து லீவர் உள்பக்கமாக மடங்கியிருக்கும், ஒரு இண்டிகேட்டர் உடைந்திருக்கும், ஃபுட்ரெஸ்ட் மேல்நோக்கி வளைந்திருக்கும். லீவரையும் இண்டிகேட்டரையும் மாற்றி, ஃபுட்ரெஸ்டைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தால் அன்றைக்கே கிளம்பிவிடும். எடுத்துப் போக வருபவர்தான் கிளம்பமுடியாமல் இருப்பார். உள்ளங்கையில் கட்டு, முழங்கால் பேன்ட் கிழிசல், நொண்டல். "ஒண்ணுமில்லண்ணே, மெதுவாத்தான் வந்தேன், திரும்பும்போது ஸ்லிப் ஆயிடுச்சு" என்பார்.

மெதுவாக வந்ததுதான் விஷயம். நல்ல வேகத்தில் போகும்போது வண்டி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட்டால் அந்த வேலை முழுக்க நம் கைக்கும் இடுப்புக்கும் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் லாரி சிந்திவிட்டுப் போன எம்-சாண்ட், மழையில் நனைந்த மேன்ஹோல் மூடி, ஸ்பீட் பிரேக்கர் மேல் அடித்த வெள்ளை பெயின்ட் ஏதாவது ஒன்று சக்கரத்துக்கு அடியில் வந்தால் போதும். ஹேண்டிலைத் திருப்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் உள்ளே மடிந்துவிடும், சுதாரிக்க நேரமே இருக்காது. இதில் இன்னொரு சங்கதி. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லையென்றால் கோம்பி பிரேக் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். பழைய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் அதைப் பின் பிரேக் என்றே நினைத்து மணலில் பிடிக்கிறார்கள். விற்கும்போது கோம்பி பிரேக்கைப் பெருமையாகச் சொல்கிறீர்கள், மணலில் திரும்பும்போது என்ன ஆகும் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

விழுகிற உடம்புக்கு வண்டியின் வேகம் மட்டும் கணக்கில்லை, உயரமும் கணக்கு. நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து சாய்ந்தால்கூட ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் தலை, தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்துவிடும். பள்ளியில் படித்த இயற்பியல்தான். ஸ்பீட் பிரேக்கரில் தூக்கிப் போட்டு, பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அம்மா மல்லாக்க விழுகிறாரே, அங்கே நடப்பதும் இதுதான். மகன் ஹெல்மெட் போட்டிருப்பான், அம்மா முந்தானையைத் தலையில் போட்டிருப்பார்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஒவ்வொன்றாக நேரில் போய் ஆராய்ந்து, ஹாரி ஹர்ட் என்பவரின் குழு 1981-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. அதில் பாதி விபத்துகளில், மோதிய நொடியில் வண்டியின் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அகலமான சாலையும் பெரிய எஞ்சினும் உள்ள ஊரிலேயே அப்படி என்றால், 100 சிசி வண்டியில் காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்வரும் நம் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 'மெதுவாகத்தானே போறோம், கையுறை, ஜாக்கெட் எல்லாம் ரேஸ் ஓட்டுறவங்களுக்கு' என்ற பேச்சு உங்கள் ஷோரூமிலேயே நடக்கிறது. விற்பனைப் பையன்களும் தலையாட்டுகிறார்கள்.

கையுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாய்கிற எவரும் கையைத்தான் முதலில் ஊன்றுவார்கள், அதை யாராலும் அடக்க முடியாது. வெறுங்கை தாரில் பட்டால் வழுக்காது, பிடித்துக்கொள்ளும். உடம்பு முன்னால் போகும், கை அங்கேயே நிற்கும், மணிக்கட்டு பின்னால் மடங்கும். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் முந்திரிப்பருப்பு போல ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. உடைந்தால் முதல் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது, ரத்த ஓட்டம் குறைவான இடம் என்பதால் சேர்வதற்கும் ரொம்ப நாள் பிடிக்கும். சுளுக்குதான் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. தையல்காரர், தச்சர், சமையல் மாஸ்டர், டெலிவரி பையன் என்று கையை வைத்துப் பிழைக்கிறவருக்கு அந்த மாதங்கள் என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும். நல்ல ரைடிங் கையுறையில் உள்ளங்கையின் அடிமேட்டில் வழவழப்பான கெட்டி பிளாஸ்டிக் துண்டு ஒன்று வைத்துத் தைத்திருப்பார்கள். தரையில் பட்டதும் கை நிற்காமல் வழுக்கிப் போகட்டும் என்பதற்காகத்தான் அது. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இருக்கும். ஆன்-ரோடு விலை ஒரு லட்சத்தைத் தொடும் வண்டிக்கு முன்னால் அது ஒரு தொகையா?

ஷூவும் அப்படித்தான். செருப்போடு விழுந்தால் கணுக்கால் வண்டிக்கு அடியில் மாட்டும், இல்லாவிட்டால் சைலன்சரில் சுடும். கணுக்காலை மூடும் எந்த ஷூவும் செருப்பைவிட மேல். ஜீன்ஸ் போட்டால் தோல் கொஞ்சம் தப்பலாம், முழங்கால் தரையில் குத்துகிற அடியை அது தாங்காது.

"கஸ்டமர் கேட்கிறதில்லையே" என்பீர்கள். டெஃப்லான் கோட்டிங்கை மட்டும் யார் கேட்டு வந்தார்கள்? நீங்கள் சொன்னீர்கள், வாங்கினார்கள். "நம்ம வெயிலுக்கு இதெல்லாம் சரிப்படுமா" என்பதும் நியாயமான கேள்விதான். கத்திரி வெயிலில் பால் வாங்கப் போகிறவர் ஜாக்கெட் போட மாட்டார், போடச் சொல்லி நானும் மல்லுக்கட்டப் போவதில்லை. அவருக்குக் கையுறையும் ஷூவும் வார் மாட்டிய ஹெல்மெட்டும் போதும். தினம் மணப்பாறை, துறையூர் என்று வேலைக்குப் போய்வருகிறவரிடம் வலைத்துணி ஜாக்கெட்டைக் காட்டுங்கள். காற்று உள்ளே புகுந்து போகும், தோளிலும் முழங்கையிலும் காப்பு இருக்கும். அந்தக் காப்பில் ஈ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண்ணின் அச்சு இருக்கிறதா என்று நீங்களே பார்த்து வாங்கி வையுங்கள். லெவல் 1, லெவல் 2 என்று இரண்டு உண்டு, இரண்டாவது அடியை இன்னும் நன்றாக உள்வாங்கும். அச்சே இல்லாமல் கறுப்பு பிளாஸ்டிக் மூடியும் உள்ளே வெறும் ஸ்பான்ஜுமாக ரோட்டோரம் தொங்கும் முட்டிக் கவசத்தைத் தயவுசெய்து உங்கள் அலமாரியில் ஏற்ற வேண்டாம்.

அப்புறம், இலவசமாகக் கொடுக்கும் அந்த ஹெல்மெட். எல்லோருக்கும் ஒரே அளவை எடுத்து நீட்டுகிறார்கள். பெரிதாக இருந்தால் விழும்போது கழன்று உருளும், சின்னதாக இருந்தால் ஒரு வாரத்தில் கண்ணாடியில் தொங்கும். புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி ஒரு இஞ்ச் டேப் வைத்தால் தீர்ந்தது. பின்னால் உட்காரப்போகிறவரும் பூஜைக்குக் கூடவே வந்து நிற்கிறார், அவர் தலையையும் அளந்து இரண்டாவது ஹெல்மெட்டைச் சீட்டில் சேருங்கள். இரண்டு பேருக்கும் வாரைப் பூட்டிக் காட்டிய பிறகு சாவியைக் கொடுங்கள். வண்டியோடு வரவேண்டிய சேலை கார்டுக்கே தனியாகப் பில் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போடத் தெரிந்தவர்களுக்கு, கையுறைக்கு ஒரு வரி எழுதுவது கஷ்டமாக இருக்காது.

எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் பட்டியலில் கையுறையை முதல் வரியாகப் போடுங்கள், வேண்டாம் என்பவர் அடித்துவிடட்டும் என்பதுதான் என் கோரிக்கை. உங்கள் விற்பனைப் பையன்களுக்கு விழுந்த வண்டியை நேரில் காட்டி விளக்க வேண்டுமென்றால் அனுப்பி வையுங்கள். வளைந்த லீவர்களைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பட்டறை லீவு.

இப்படிக்கு,
உறையூர் மெக்கானிக் ஒருவர்