பூச்சுக்கு முன்னால் வாட்டத்தைப் பார்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள் என்று எழுதியிருந்த பகுதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், அவளுக்கு என் முத்தங்கள். இங்கே எல்லோரும் நலம். சின்னவன் வேலை மாறியிருக்கிறான், வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை, அதனால் வெகுநாளைக்கு அப்புறம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் பெரிய நிம்மதி.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருந்தாயே, படுக்கையறை சீலிங்கில் ஓதம் தெரிகிறது, மழை பிடிப்பதற்குள் மொட்டை மாடி முழுக்க வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்துவிடப் போகிறேன் என்று. கொஞ்சம் பொறு. பெயின்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் உன் மாடியில் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது, போகிற வழியில் எங்கெல்லாம் நிற்கிறது என்று பார்த்துவிடு. வேலையில் இருந்த காலம் முழுக்க அடுத்தவர் வீட்டு ஒழுகலைப் பார்த்தவன் சொல்கிறேன், ஓதம் என்று கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில் தண்ணீர் தேங்கி நின்றதுதான் முதல் காரணம், விரிசல் இரண்டாவதுதான். ஓடிப் போகிற தண்ணீருக்கு விரிசலுக்குள் இறங்க நேரம் கிடைப்பதில்லை. நிற்கிற தண்ணீர் ராத்திரி முழுக்க வேலை செய்யும். அக்ரிலிக் பூச்சுகள் பல, மேலே தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் ஊறி, உப்பி, உரிந்து வந்துவிடும். அப்புறம் அடுத்த வருடமும் அதே பெயின்ட், அதே செலவு.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உன் மாடி 1000 சதுர அடி இருக்கும் என்று வைத்துக்கொள், அதாவது 93 சதுர மீட்டர். ஒரு கனமழையில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 4650 லிட்டர், எடையில் நாலரை டன்னுக்கு மேல். இத்தனையும் உன் மாடி மூலையில் இருக்கிற ஒன்றோ இரண்டோ குழாய் வாய் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அந்த வாயில் ஒரு பிளாஸ்டிக் பையும் நாலு இலையும் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசி. மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது, தண்ணீர் வேறு வழியில் போகவும் முடியாது, ஏறிக்கொண்டே போய்ப் படிக்கட்டு அறைக் கதவுக்கு அடியில் உள்ளே வரும்.

அதனால் முதல் வேலை பெருக்குவது. வெறும் விளக்குமாறு போதாது, மூலைகளில் மண் கெட்டியாகப் படிந்து அதில் பாசியும் செடியும் வந்திருக்கும், அதைக் கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். செடி முளைத்திருந்தால் சும்மா பிடுங்கிப் போட்டுவிட்டு வராதே, வேர் பூச்சுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார், அங்கே கட்டாயம் விரிசல் இருக்கும். ஒரு முக்கியமான விஷயம், சுரண்டியதைக் குழாய் வழியாகத் தண்ணீர் விட்டுத் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதே. அந்த மண் கீழே முதல் வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். கூட்டி அள்ளி வாளியில் கீழே கொண்டு வரச் சொல். உன் வீட்டில் தொட்டிச் செடிகள் ஏகப்பட்டது இருக்கிறதே, அவற்றிலிருந்து வருகிற மண்தான் குழாய்க்கு முதல் எதிரி. தொட்டிகளைத் தண்ணீர் ஓடும் பாதையிலிருந்து நகர்த்தி, செங்கல்லோ ஸ்டாண்டோ வைத்துத் தூக்கி வை.

அடுத்தது குழாயின் வாய். அதில் தட்டையான சல்லடை மூடி போட்டிருந்தால் மாற்றிவிடு. ஒரு அகலமான இலை போதும், தட்டை மூடி முழுக்க அடைத்துக்கொள்ளும். குமிழ் போல மேலே எழும்பிய மூடி கிடைக்கிறது, அடியில் குப்பை சேர்ந்தாலும் மேல் பக்கத் துளைகள் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். மூடியே வேண்டாம் என்று கழற்றி எறிகிறவர்களும் உண்டு, அடைப்பு அப்போது கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். குழாய் வாயைச் சுற்றித் தளம் கொஞ்சம் குழிவாக இருக்கிறதா என்றும் தடவிப் பார். பலர் மேலே டைல்ஸ் ஒட்டும்போது அந்தக் குழிவை மூடிச் சமமாக்கிவிடுகிறார்கள், குழாய் வாய் தளத்தைவிட ஒரு விரல்கடை உயரமாகிவிடும், அப்புறம் அங்கே நிரந்தரமாக ஒரு குட்டை. குழாயின் அளவையும் பார். 3 அங்குலக் குழாயை எடுத்துவிட்டு 4 அங்குலம் போட்டால் தண்ணீர் போகும் வாயின் பரப்பு ஒன்றே முக்கால் மடங்கு ஆகிறது. குழாய் மாற்றுகிற நேரம் வந்தால் இதில் மிச்சம் பிடிக்காதே.

இப்போது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடிப் போகத் தளத்துக்குக் கொடுக்கிற சரிவு. மொட்டை மாடிக்கு குறைந்தது 100-க்கு 1 சரிவு வேண்டும், அதாவது 10 அடி தூரத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் அங்குல இறக்கம். ரசமட்டமெல்லாம் தேட வேண்டாம். லேசான மழை பெய்து விட்டதும் (இடி மின்னல் இல்லாதபோது மட்டும்) மேலே போ, அல்லது மழைக்குக் காத்திராமல் குழாயிலிருந்து தண்ணீர் பாய்ச்சிப் பார். தண்ணீர் எங்கே நிற்கிறதோ அந்தக் குட்டையின் ஓரத்தைச் சாக்பீஸால் சுற்றி வரைந்துவிடு. இரண்டு நாள், அதாவது 48 மணி நேரம் கழித்தும் அங்கே ஈரம் தேங்கி நின்றால் அந்த இடம் சரி செய்யப்பட வேண்டிய இடம். பிறகு வீட்டுக்குள் வந்து சீலிங்கில் உன் ஓதம் எங்கே இருக்கிறது என்று சுவரிலிருந்து அளந்து பார். இரண்டும் நேராக மேலும் கீழுமாக இருக்கும் என்று நம்பிவிடாதே, தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளே கம்பியோரமாகவோ மின்குழாய் வழியாகவோ சில அடி தூரம் நகர்ந்து வேறு இடத்தில் எட்டிப் பார்க்கும். ஆனால் பக்கத்தில் இருந்தால் ஏறக்குறைய ஆளைப் பிடித்துவிட்டாய். நாள்பட்ட ஓதத்தைச் சாதாரணமாக விடக்கூடாது என்பதற்குக் காரணம் கறை இல்லை. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது, துரு பழைய இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் கீழ்ப்பக்கமாக வெடித்து விழும். தட்டிப் பார்த்தால் பொள்ளலாகச் சத்தம் கேட்கிற இடம் இருந்தால் அந்த அறையில் பேத்தியைத் தூங்க வைக்காதே, உடனே ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டு.

குழாயை அடைத்து மாடியில் தண்ணீர் கட்டி ஒழுகலைச் சோதிக்கலாம் என்று உன்னிடம் வருகிற ஆள் சொல்லக்கூடும். புதுக் கட்டடத்தில் செய்வதுதான். இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 50 கிலோ பாரம். உன் வீடு பழையது, கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் அந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாதே. பகுதி பகுதியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதே போதும்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையையும் மறக்காதே. வெயிலில் தளம் விரிகிறது, ராத்திரி சுருங்குகிறது, சுவர் வேறு மாதிரி அசைகிறது, அதனால் முதலில் பிளவு வருவது அந்தக் கோட்டில்தான். அங்கே பழைய பிளவைக் கொத்திவிட்டு, கலவையைச் சாய்வாக வைத்து மூலையையே இல்லாமல் செய்ய வேண்டும், பிறகு சுவரில் ஒரு சாண் உயரம் வரை பூச்சு ஏற வேண்டும். போன வருடம் நீ சோலார் பேனல் வைத்தாய் இல்லையா, அந்தக் கால்களைத் தளத்தில் துளை போட்டு போல்ட் முடுக்கியிருக்கிறார்களா என்று பார். எனக்கு அங்கேதான் சந்தேகம் அதிகம். அதே மாதிரி டிஷ் ஆன்டெனா, துணி காயப்போடும் கம்பிக் கால்கள்.

சன்ஷேடுகளின் அடிப்பக்கம், வெளி விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி நீளமாக ஒரு காடி கோடு போட்டிருப்பார்கள். தண்ணீர் விளிம்பைச் சுற்றி அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு சுவரை நோக்கி ஊர்ந்து வருவதை அந்தக் கோடு அறுத்துவிடும், சொட்டு அங்கேயே கீழே விழுந்துவிடும். மறுபூச்சு பூசுகிற ஆட்கள் அதை அழகில்லை என்று மூடிவிடுகிறார்கள். ஜன்னலுக்கு மேலே ஓதம் வருகிற வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மூடியிருந்தால் மறுபடி வெட்டச் சொல்.

பின்பக்கத்துத் தகரக் கூரை இன்னும் இருக்கிறதல்லவா? அதில் இரண்டு வேலை. ஆணிகளின் அடியில் இருக்கிற ரப்பர் வாஷர்கள் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், அவற்றை மாற்ற வேண்டும். நெளியின் பள்ளத்தில் அடித்த ஆணி இருந்தால் அதுதான் முதலில் ஒழுகும், மேட்டில்தான் அடிக்க வேண்டும். இன்னொன்று கூரையோர வாய்க்கால். அதற்கு 3 மீட்டருக்கு ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு போதும், ஆனால் நடுவில் ஒரு கொக்கி தொய்ந்திருந்தால் அந்த இடத்தில் தண்ணீரும் மண்ணும் சேர்ந்து, பாரத்தில் இன்னும் தொய்யும். பிளாஸ்டிக் வாய்க்காலாக இருந்தால் இணைப்புகளை அசையாமல் இறுக்கி ஒட்ட விடாதே. 4 மீட்டர் நீளத் துண்டு 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 8 மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்கும், இடம் விடாவிட்டால் இணைப்பு பிளந்துவிடும்.

வாய்க்காலில் தேங்குகிற தண்ணீரில் கொசுவும் வரும். டெங்கு பரப்புகிற கொசு, தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே ஓரத்தில் முட்டையை ஒட்டி வைக்கும், அது காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, நனைந்ததும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, பிரஷ் போட்டு ஓரங்களைத் தேய்க்க வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறாள், இதை விட்டுவிடாதே.

கீழே குழாய் எங்கே முடிகிறது? நிறைய பேர் மேலே எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கீழே சுவரோரமாகவே ஊற்றவிடுகிறார்கள், பிறகு அடித்தளம் ஊறுகிறது, அங்கிருந்து ஓதம் மேலே ஏறுகிறது. சுவரை விட்டு நான்கு, ஐந்து அடியாவது தள்ளி விழ வேண்டும், சுற்றியுள்ள தரையும் முதல் 10 அடிக்கு 6 அங்குலம் வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தால் நல்லது. கழிவுநீர்க் குழாயில் மட்டும் இணைத்துவிடாதே, கனமழையில் அந்தக் குழாய் தாங்காது, கழிவறை வழியாகத் திரும்பி வரும். தொட்டியில் சேகரிக்கிறாய் என்றால் முதல் மழையை வெளியே விடு. தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும், உன் மாடி அளவுக்கு முதல் ஒரு மில்லிமீட்டர் என்றால் 93 லிட்டர், அவ்வளவையாவது விட்டுவிட்டு அப்புறம் தொட்டிக்குத் திருப்பு. அடி வளைவுக்கு மேலே திறந்து சுத்தம் செய்கிற மூடி ஒன்று வைத்துவிட்டால் அடைப்பு எடுக்கக் குழாயை அறுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கைப்பிடிச் சுவரில் குழாய் வாயைவிட இரண்டு அங்குலம் உயரத்தில் ஒரு துளை போட்டு, குட்டிக் குழாய் ஒன்றைச் சுவருக்கு வெளியே நீட்டி வைக்கச் சொல். முக்கியக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அதன் வழியாகக் கொட்டும், வாசலில் நிற்கிறவர்களுக்கே அடைப்பு தெரிந்துவிடும். அரை நாள் வேலைதான். எனக்குத் தெரிந்து இதைப் போல் பலன் கொடுக்கிற வேலை வேறு இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நீயே ஏணி போட்டு ஏறிவிடுவாய் என்றுதான் பயமாக இருக்கிறது. மொட்டை மாடிக்குப் படிக்கட்டு இருக்கிறது, சரி. தகரக் கூரைக்கு நீ ஏறவே வேண்டாம், அந்த முழங்காலோடு. ஏறுகிற ஆளுக்கும் சொல், ஏணி 4 பங்கு உயரத்துக்கு 1 பங்கு அடியில் தள்ளி நிற்க வேண்டும், கூரை விளிம்புக்கு மேலே ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும், பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இத்தனையும் முடிந்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் அடி. ஈரத்தின் மேல் அடித்தால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் எழுப்பும். மழைக்கு முன்னால் காய்கிற நாட்கள் கிடைக்காவிட்டால் இந்த வருடம் பெயின்டை விட்டுவிட்டு வாட்டத்தையும் குழாயையும் மட்டும் சரி செய், பூச்சை மழை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

சாக்பீஸ் கோடு போட்டதும் அதைப் படம் எடுத்து அனுப்பு, குழாய் வாய்களையும் சோலார் கால்களையும் கிட்டத்தில் எடு. சீலிங் ஓதத்தின் அளவையும் இரண்டு சுவர்களிலிருந்து அதன் தூரத்தையும் எழுது. பார்த்துவிட்டுக் கொத்தனாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன், தேவைப்பட்டால் அவர் வருகிற அன்று போனில் நானே பேசுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்