பேட்டரியை மாற்றும் முன் மீட்டர் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்துக்கு முன் இருசக்கர வாகனங்களைத் தயார் செய்வது பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். டயர், பிரேக், செயின் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால், பத்து வருடத்துக்கு மேலான வண்டியில் பேட்டரி அடிக்கடி இறங்கினால் புதிதாக மாற்றிவிடுங்கள், அப்படியும் தொல்லை தீராவிட்டால் வண்டியைக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு பத்தி இருந்ததே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்த யோசனையைக் கேட்டுப் பணத்தை இழப்பவர்கள் எங்கள் பகுதியில் நிறைய இருக்கிறார்கள்.

நான் ரயில்வேயில் டிரெயின் லைட்டிங் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய ரயில் பெட்டிகளுக்கு அடியில், சக்கர அச்சிலிருந்து பெல்ட் மூலம் சுழலும் ஆல்டர்னேட்டர் ஒன்று தொங்கும். குளிர்சாதனம் இல்லாத பெட்டிக்கு 4.5 கிலோவாட், 110 வோல்ட். அது தரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை டிசியாக (நேர்திசையாக) மாற்றி, அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள ரெக்டிஃபையர், ரெகுலேட்டர் சேர்ந்த பெட்டி. அதற்கடுத்து பேட்டரி. வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறும், ஸ்டேஷனில் நிற்கும்போது விளக்கும் மின்விசிறியும் பேட்டரியில் ஓடும். மோட்டார் சைக்கிளிலும் அமைப்பு இதேதான். என்ஜினுக்குள் காந்தம் சுற்ற, அதனுள்ளே ஸ்டேட்டர் என்ற மேக்னட் காயில். வெளியே, ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் சேர்ந்த, கைக்குள் அடங்குகிற ஆர்ஆர் யூனிட். சீட்டுக்கு அடியில் பேட்டரி. பெட்டியில் விளக்கு மங்குகிறது என்று புகார் வந்தால் நாங்கள் முதலில் வோல்ட்டை அளந்து எழுதுவோம். அளக்காமல் எதையும் கழற்றியதில்லை. காய்ச்சல் என்று போனால் டாக்டர் முதலில் தெர்மாமீட்டர் வைப்பது போலத்தான் இது. மோட்டார் சைக்கிள் கடைகளில் மட்டும் அந்தப் பழக்கம் ஏன் வரவில்லை என்று எனக்குப் பெரிய வருத்தம்.

எங்கள் கட்டடத்தில் ஒரு பையன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், சாப்பாடு டெலிவரி செய்கிறான். இரண்டு பேர் கைமாறி வந்த 2009 மாடல் 150 சிசி வண்டி. போன மழைக்காலத்தில் தொடங்கியது தொல்லை. காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டக் டக்’ என்று ரிலே சத்தம் மட்டும் கேட்கும். ஹாரன் முனகும். கடையில் புது பேட்டரி போட்டார்கள். இரண்டு மாதம் நன்றாக ஓடி மறுபடியும் படுத்துவிட்டது. அப்புறம் ஆர்ஆர் யூனிட்டை மாற்றினார்கள். அப்புறம் இன்னொரு பேட்டரி. கடைசியில், “வண்டி பழசு தம்பி, அப்படித்தான் இருக்கும்” என்றார்களாம். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரச் சம்பாத்தியம் போனது, வண்டி நின்ற நாட்களின் வருமானமும் சேர்ந்து போனது. ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தில் கை வைத்தான். இத்தனைக்கும் ஒரு தடவைகூட யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை என்று கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

“மாமா, திரும்பவும் படுத்துடுச்சு, ஒரு தடவை பாருங்களேன்” என்று வந்து நின்றான். முதலில் பேட்டரியைக் கழற்றி, வெளிச் சார்ஜரில் இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் சும்மா வைத்தோம். 12.7 வோல்ட் காட்டியது. முழுச் சார்ஜ் உள்ள நல்ல பேட்டரி 12.6க்கு மேல் நிற்க வேண்டும், 12.2 என்றால் பாதி. ஆக பேட்டரி பிழைத்திருந்தது. பிறகு அதை வண்டியில் மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரை முறுக்கி நிமிடத்துக்கு 4,000, 5,000 சுற்றில் வைத்துப் பேட்டரி முனையில் அளந்தேன். 12.9தான். ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை வர வேண்டிய இடம் அது. 15ஐத் தாண்டினால் பேட்டரித் தண்ணீர் கொதித்து ஆசிட் வாடை வரும், 13.5ஐ எட்டாவிட்டால் எத்தனை புது பேட்டரி போட்டாலும் அது பட்டினிதான் கிடக்கும்.

இந்த இடத்தில்தான் பலரும் காயில் போச்சு, ஆர்ஆர் யூனிட் போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள். ஆர்ஆர் யூனிட்டின் வெளியீட்டு வயரிலேயே, அதன் எர்த்தோடு சேர்த்து அளந்தால் 14.2 இருந்தது. அங்கே 14.2, இரண்டடி தள்ளி பேட்டரியில் 12.9. நடுவில் 1.3 வோல்ட் எங்கே போயிற்று? மீட்டரின் ஒரு முனையை யூனிட்டின் பிளஸ்ஸிலும் மறுமுனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் வைத்து, வண்டி ஓடும்போதே பார்த்தோம்: 0.8. மைனஸ் பக்கம் அதே மாதிரி: 0.5. ஒவ்வொரு பக்கமும் 0.2, 0.3க்கு மேல் போகக் கூடாது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், பெட்ரோல் டேங்குக்கு அடியில் வயர்களை இணைக்கும் ஒரு கப்ளர், பிளாஸ்டிக் கருகி, உள்ளே பின் பச்சைக் களிம்பு பிடித்து இருந்தது. சேஸியில் எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு. ஐந்து ஆம்பியர் ஓடுகிற வயரில் 0.8 வோல்ட் விழுந்தால் நான்கு வாட் சூடு அந்தச் சின்னப் பின்னில் இறங்குகிறது. சூடு ஏற ஏற பின் தளரும், தளரத் தளர இன்னும் சூடு. அதனால்தான் இந்தப் பழுது தானாகச் சரியாவதில்லை.

கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் போட்டோம். ஆர்ஆர் யூனிட்டின் பிளஸ்ஸிலிருந்து பேட்டரிக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸோடு தடிமனான புது வயர் ஒன்று. யூனிட்டின் எர்த்திலிருந்து நேராகப் பேட்டரி மைனஸுக்கு இன்னொன்று. பழைய சேஸி எர்த்தையும் தேய்த்துச் சுத்தம் செய்து முடுக்கினோம். சாமான் செலவு சில நூறு ரூபாயைத் தாண்டவில்லை. பேட்டரி முனையில் இப்போது 14.1 நிற்கிறது. நடுவில் கழற்றிப் போட்ட பழைய ஆர்ஆர் யூனிட்டை அவன் பத்திரமாக வைத்திருந்தான். அதையும் மாட்டிப் பார்த்தோம், அதுவும் 14.1 கொடுத்தது. நல்ல சாமானைக் கெட்டது என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

மும்பையில் இது ஒரு பையனுடைய கதை இல்லை. கடல் காற்றில் உப்பு இருக்கிறது. வண்டிகள் பெரும்பாலும் தெருவில், தார்ப்பாயின் கீழ் நிற்கின்றன. கிங்ஸ் சர்க்கிளிலும் ஹிந்த்மாதாவிலும் பெருமழைக்குத் தண்ணீர் தேங்கும், அதில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகாதவர் யார்? 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அன்று முழுகிய வண்டிகளில் சில இன்னும் எங்கள் தெருவில் ஓடுகின்றன. கப்ளருக்குள் புகுந்த தண்ணீர் வெயிலில் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். வயர் வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே செம்பு கறுத்துப் போயிருக்கும்.

காயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சில வண்டிகளில் அது உண்மையாகவே கெட்டிருக்கும். பெரும்பாலும் மூன்று மஞ்சள் வயர்கள் வெளியே வரும். கப்ளரைப் பிரித்துவிட்டு, என்ஜினை ஓட்டி, இரண்டிரண்டாக ஏசி வோல்ட் பாருங்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் மூன்றும் சேர்ந்து ஏற வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு, எந்த மஞ்சள் வயருக்கும் பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் காயில் உருகி எர்த் ஆகிவிட்டது என்று பொருள். திரும்பக் காயில் கட்டலாம், அதில் தவறில்லை. செம்பும் வார்னிஷும் என்ஜின் சூட்டைத் தாங்குகிற தரத்தில் இருக்கிறதா என்று கேட்டுக் கட்டுங்கள். காயிலைப் பார்க்காமல் ஆர்ஆர் யூனிட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. ஹெட்லைட் நேராகக் காயிலிலிருந்தே எரிகிற பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

யூனிட் சூடாவது பற்றிப் பலருக்குச் சந்தேகம். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது, காயில் தரும் மின்சாரத்தில் மிஞ்சியதை ஷார்ட் செய்து காயிலுக்குள்ளேயே திருப்பிவிடுகிற வகை. விளக்கை அணைத்துவிட்டால் யூனிட்டுக்கு வேலை குறையும் என்று நினைக்கிறார்கள். இந்த வகையில் அதன் சூடு கூடத்தான் செய்யும். ஆகவே அதன் இறக்கைகளில் காற்றுப் பட வேண்டும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பக்கக் கவருக்குள் தள்ளி மறைத்து மாட்டுவது கூடாது.

இன்னொரு பக்கம் சுமை. இந்த மாதிரி வண்டியின் காயில் தருவது நூறு சொச்சம் வாட், அதுவும் நல்ல வேகத்தில். ஹெட்லைட் 35 வாட், பின்விளக்கு 5, பிரேக் விளக்கு 21, இண்டிகேட்டர் இரண்டும் சேர்ந்து 20. இதுவே 81 வாட். அதன் மேல் 35 வாட்டில் இரண்டு ஃபாக் லைட்டைப் போட்டு, கைபேசி சார்ஜரையும் சேர்த்தால் காயில் எங்கே போகும்? 2024 ஆகஸ்டில் சயான் ரயில் மேம்பாலத்தை மூடிய பிறகு எங்கள் பக்கத்துப் போக்குவரத்து ஊர்ந்துதான் போனது. ஊரும் வண்டியில் என்ஜின் ஐடிலில் இருக்கும், சார்ஜ் ஏறாது, பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். டெலிவரி செய்யும் பிள்ளைகளுக்குக் கைபேசி வேண்டும், அதை நிறுத்தச் சொல்ல முடியாது. ஃபாக் லைட்டைக் கழற்றச் சொல்லலாம். அந்தப் பையன் கழற்றிவிட்டான்.

இதற்கெல்லாம் மேலாக, கடைகளில் ஒரு ஆபத்தான சோதனை செய்கிறார்கள். என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, “பாருங்க அண்ணாச்சி, வண்டி நிக்கலையே, சார்ஜ் ஆகுது” என்று காட்டுகிறார்கள். பேட்டரிதான் வோல்ட் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் திடீரென்று எடுத்துவிட்டால் வோல்ட் எகிறி பல்பும், ஸ்பார்க் பிளக்குக்குத் தீப்பொறி தரும் சிடிஐயும், ஆர்ஆர் யூனிட்டும் போகலாம். நல்லதாக வந்த வண்டியைக் கெடுத்து அனுப்பும் வேலை இது. தயவுசெய்து யாரும் தங்கள் வண்டியில் இதைச் செய்ய விடாதீர்கள்.

பழைய வண்டியைக் கொடுத்துவிடச் சொல்வது எளிது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை மறுபதிவு செய்து, பசுமை வரியும் கட்டி வைத்திருப்பவர் அதை ஆசைக்காக வைத்திருக்கவில்லை. வேறு வண்டி வாங்க அவரிடம் பணம் இல்லை. என்ஜின் நன்றாக இருக்கும்போது ஒரு கருகிய கப்ளருக்காக அவரைக் கடனில் தள்ள வேண்டுமா?

மெக்கானிக்குகளைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. பத்து வயதில் கடையில் சேர்ந்து, கை வேலையை மட்டும் பார்த்துக் கற்றவர்கள் பலர். மீட்டரை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. லேமிங்டன் ரோட்டில் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பேட்டரி விலையில் பல மீட்டர் வாங்கலாம். வாடிக்கையாளர்களும் கொஞ்சம் கேட்க வேண்டும்: நிற்கும்போது எத்தனை வோல்ட், 5,000 சுற்றில் பேட்டரியில் எத்தனை, அதே நேரம் யூனிட்டின் வாயில் எத்தனை. இந்த மூன்றையும் பில்லின் பின்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கி வாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பத்தியைத் திருத்தி, மேலே சொன்ன வோல்ட் அளவுகளை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒரு சிறு கட்டத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓடும் வண்டியில் பேட்டரியைக் கழற்றக் கூடாது என்பதை அதில் பெரிய எழுத்தில் போடுங்கள். ஜூன் முதல் வாரத்துக்குள் வந்தால் மழைக்கு முன் பலர் கப்ளரைத் திறந்து பார்த்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிரெயின் லைட்டிங் ஃபிட்டர்,
சயான் கோலிவாடா, மும்பை